முறிகண்டியில் நின்ற பஸ்

கமலேஸ்வரி உவர்மலை வீட்டு முன்னறைக் கட்டிலில் சாய்ந்து கிடந்தபடியே, நாற்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, திருகோணமலையில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ் ஓட்டிக்கொண்டு போய் இறக்கினவள். அதிலும் கடைசி ஐம்பது மைலும் கொம்பியூட்டர் செத்துக் கிடந்தது. ஒருத்தருக்கும் வாந்தி வரவில்லை, ஒரு கோழிகூட அடிபடவில்லை, பஸ் ஐந்து நிமிடம் முந்தியே போய்ச் சேர்ந்தது.

இப்படித்தான் ஞானசேகரம் தன் மனைவியின் முப்பத்தோராம் நாள் வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றிவந்த நேரத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். துறைமுக வேலைத்தலத்தில் முப்பத்தாறு வருடம் இயந்திரம் பூட்டிக் கழற்றிய மனிதர் அவர். அவருடைய காதுக்குள் ஒரு சூடை மீன் நுழைந்தால் வாயால் திமிங்கிலமாகத்தான் வெளியே வரும். தான் திருத்திக் கொடுத்த கிரேன் ஒன்று, சுகம் வந்த சந்தோசத்தில் தன்னையே இடுப்பில் கொழுவித் தூக்கி, உட்துறைமுகம் முழுவதையும் சுற்றிக் காட்டியது என்று முன்பொருமுறை சத்தியம் செய்தவர். அதனால் வந்திருந்த சனம் சிரிப்பதா, செத்த வீட்டு முகத்தையே வைத்துக்கொண்டிருப்பதா என்று தெரியாமல் வெற்றிலையை மென்றது. பிறகு எல்லாத் தலையும் ஒன்றாக மூலைக் கதிரைப் பக்கம் திரும்பின.

மூலைக் கதிரையில் சரீப் இருந்தார். டிப்போவில் முப்பது வருடம் சாரதியாக இருந்து இளைப்பாறினவர். யாழ்ப்பாண றோட்டுத் திறந்திருந்த காலமெல்லாம் யாழ்ப்பாண பஸ், சண்டையால் பூட்டிக் கிடந்த காலமெல்லாம் கண்டி பஸ். அன்றைக்கு அந்த அறையில் கூட இருந்த ஒரே சாட்சி அவர்தான். ஆனால் அந்தச் சாட்சி ஒரு மாதத்துக்கு மேலாக ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: அது பஸ் இல்லை. இப்போதும் அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரிக் குனிந்திருந்தார்.

ஞானசேகரம் கூட்டிச் சொன்னது எவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரு மதிப்பு இருந்தது. அவர் விட்டுவிட்டுச் சொன்னது என்ன என்றுதான் சரீப் வீட்டாரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. விட்டது ஒரு தேங்காய்.

அந்தக் கொம்பியூட்டர் மகள் லோஜினி உயர்தரம் படிக்க வாங்கினது. லோஜினி படித்து, பட்டம் எடுத்து, கலியாணம் கட்டி, டோகாவில் குடியேறி, இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். கொம்பியூட்டர் மட்டும் முன்னறை மேசையை விட்டு அசையவில்லை. அம்மாவின் வயிற்றுக்குள் கட்டி என்று டொக்டர்மார் சொன்ன வருடம் லோஜினி லீவில் வந்து, பொழுது போகட்டும் என்று அதற்குள் ஒரு பஸ் விளையாட்டைப் போட்டு, கையில் பிடிக்கிற ஸ்டியரிங்கும் காலால் மிதிக்கிற பிரேக்கும் அக்சிலேற்றரும் பூட்டிவிட்டுப் போனாள். யாரோ ஒரு விசரன் மினக்கெட்டு இருந்து, திருகோணமலையில் இருந்து யாழ்ப்பாணம் போகிற பாதையைக் கடை, கோயில், வளைவு, பள்ளம் எல்லாத்தோடும் அதற்குள் கீறி வைத்திருந்தான். நிசப் பாதை ஆறு மணித்தியாலம். விசரன் அதைச் சுருக்கி மூன்றாக்கியிருந்தான்.

கமலேஸ்வரி அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்காக இருந்து இளைப்பாறினவள். கந்தளாயில் வேலை பார்த்த ஏழு வருடமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தவள். சாரதிமார் கண்டபடி பிரேக் அடிக்க அடிக்க, முன்னுக்கு நிற்கிறவர்களின் முதுகில் போய் விழுந்து, "இவங்களிட்ட ஆர் பஸ்ஸைக் குடுத்தது" என்று ஏழு வருடமும் கேட்டவள். அப்படிப்பட்டவளின் கையில் முதன்முதலாக ஸ்டியரிங் வந்தது. பிரேக்கை அவள் பூவைத் தொடுகிற மாதிரித்தான் தொடுவாள். கால் இரண்டும் சோர்ந்து கட்டிலோடு ஆனபிறகு, ஞானசேகரம் பிரேக்கையும் அக்சிலேற்றரையும் கழற்றி, பலகையில் கீல் வைத்து, கட்டிலில் இருந்தபடி கையால் அழுத்துகிற மாதிரிப் பூட்டிக் கொடுத்தார். அப்படி ஒரு பூட்டு ஜப்பான்காரனிடமும் இல்லை என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

கோளாறு மாங்குளத்தில் இருந்தது. ஓமந்தை தாண்டும்வரை பஸ் நொண்டி நொண்டியாவது ஓடும். மாங்குளத்துக் காடு வந்ததும் மரங்கள் துண்டு துண்டாக உடைந்து, றோட்டு வானத்தில் தொங்கி, பிறகு திரை அப்படியே உறைந்துவிடும். பழைய பெட்டியால் அவ்வளவு மரத்தை ஒரேயடியாகச் சுமக்க ஏலாது. பதினொரு தரம் இப்படி நடந்தது. பதினொரு தரமும் கமலேஸ்வரி இரவெல்லாம் கண் மூடவில்லை. நாளைக்கு வேறொரு பஸ்ஸை எடுத்து ஓட்டலாம், இதென்ன பெரிய விசயம் என்று ஞானசேகரம் சொல்லிப் பார்த்தார். அவள் முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஆக்களை நடுக்காட்டில விட்டுட்டு எனக்குச் சாகேலாது."

ஞானசேகரம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டார். இரண்டு மாதம் என்று டொக்டர் சொல்லி அப்போது இரண்டு கிழமை போயிருந்தது. அன்றைக்கு விளக்கு வைத்ததில் இருந்து படுக்கப் போகும்வரை அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. அவருடைய அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு நாள் அதுதான் முதல்.

விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸல்ஹாவிடம் போனார். ஸல்ஹா சரீப்பின் மகள். கடைத்தெருவில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தாள். அவள் மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு உலகமே இருந்தது: பல்லி முட்டை, எறும்புப் புற்று, உப்புக்காற்றுப் பட்டுப் பூத்த ஆணிகள், உவர்மலைக் குச்சொழுங்கைகளின் பன்னிரண்டு வருடத் தூசி. இதற்குக் காசு போடுவதைவிடப் புதிது வாங்கலாம் மாமா என்றாள். புதிதின் விலையைக் கேட்டதும் ஞானசேகரம் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவரிடம் இருந்தது, கொட்டிலில் கிடந்த படகு எஞ்சினை இறக்கக்கண்டி ஊரில் ஒருவருக்கு விற்ற காசு மட்டும்தான்.

ஸல்ஹா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மூளையை மாத்தேலாது மாமா, அதை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். ஞாபகத்தையும் கண்ணையும் மாத்தலாம்."

ஞாபகம் என்றது மெமரி. நாலு மடங்காக்கினாள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, தீப்பெட்டித் தடிப்பில் ஒரு எஸ்எஸ்டியைப் போட்டாள். கண் என்றது கிராபிக்ஸ் கார்ட். கொழும்பில் யாரோ இணையத்தில் கிரிப்டோக் காசு தோண்டுவதற்காக இரண்டு வருடம் இரவு பகலாக ஓட்டி, காசு வற்றினதும் கழற்றி விற்ற கார்ட் ஒன்று அவளிடம் இருந்தது. கப்பலில் மூட்டை இறக்குகிறவன் மாதிரிப் பாடுபட்ட சாமான், வெக்கை எறியும், ஆனால் மரம் என்ன மலையையே சுமக்கும் என்றாள். அதற்குத் தீனி போடப் பழைய பவர் சப்ளை காணாது என்று அதையும் மாற்றினாள்.

கார்ட் பெட்டியைவிட இரண்டு அங்குலம் நீளம். ஞானசேகரம் வீட்டுக்கு ஓடிப்போய் இரும்பு அரிகிற வாளைக் கொண்டுவந்து, உள்ளே டிஸ்க் வைக்கிற கூட்டை அரிந்து வழி எடுத்தார். அரிந்த விளிம்பு துருப்பிடிக்கும் என்று கப்பலுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்றையும் பூசினார். கார்ட் செருகுகிற இடத்தில் ஒரு விரல் கிறீஸ் வைத்தால் உப்புக்காற்று அண்டாது என்று அவர் டின்னைத் திறந்தபோது, ஸல்ஹா அவருடைய கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்டன்மார்கூடத் தன்னை அப்படி அடித்ததில்லை என்று அவர் பிறகு பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

கடைசியில் பக்க மூடியைப் பூட்ட முடியவில்லை. பூட்டினால் வெக்கை தாங்காது. மூடியில்லாமல் வைத்து, நின்று சுற்றுகிற காற்றாடியை நேராக உள்ளே அடிக்கவிடுங்கள், கிட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பைகூட வைக்கவேண்டாம் என்று ஸல்ஹா மூன்று தரம் சொல்லி அனுப்பினாள்.

சரீப்புக்கு இதெல்லாம் பகிடியாக இருந்தது. வீதியில் கண்ட இடத்தில், "ஞானம், அந்தப் பெட்டிக்கு டீசல் எந்தப் பக்கத்தால ஊத்துறது?" என்பார். பஸ் என்றால் மணம் வேண்டும், குலுக்கம் வேண்டும், பின்னுக்கு ஒரு பிள்ளை அழவேண்டும் என்பார். வந்து இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் நானா என்று ஞானசேகரம் சவால் விட்டார். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரீப் சாரதி மாதிரியே முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

கமலேஸ்வரியின் முகம் அந்தக் கிழமை மஞ்சளாகிவிட்டிருந்தது. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் தலையணைகளை அடுக்கி நிமிர்த்திவிட்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி பிடிதான். பஸ் ஸ்டாண்டில் இருந்து எடுத்தாள். திரையில் கடல் அசைந்தது. இலைகள் தனித்தனியாக ஆடின. கன்னியாவில் ஒரு பனையின் நிழல்கூட றோட்டில் விழுந்து கிடந்தது. வெளியே படலையடியில் குறோட்டன் செடி தின்ன வந்த, ஊருக்குள் திரிகிற மான் இரண்டு, தின்பதை விட்டுவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன என்று ஞானசேகரம் சொல்வதில் ஒரு மான் உண்மை.

சரீப் ஹொறவப்பொத்தானை வரைக்கும் குறை சொன்னார். கியர்ச் சத்தம் பிழை, கண்ணாடி உயரம் பிழை. வவுனியாவில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஓமந்தையில் காலுக்கு மேல் கிடந்த கால் தானாகக் கீழே வந்தது. புளியங்குளத்தில் அந்த வலக்கால் சீமெந்துத் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை ஞானசேகரம் கண்டார்.

மாங்குளம் வந்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். காற்றாடி மட்டும் சுற்றியது. மரங்கள் வந்தன, இன்னும் வந்தன, காடு முழுவதும் வந்தது. ஒன்றும் உடையவில்லை. பஸ் காட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது கமலேஸ்வரி ஒரு கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, உடனே திரும்பவும் ஸ்டியரிங்கில் வைத்தாள். சாரதி இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும்.

அடுத்தது முறிகண்டிப் பிள்ளையார். அந்த றோட்டில் போகிற எதுவும் அங்கே நிற்காமல் போகாது. லொறியும் நிற்கும், கலியாணக் காரும் நிற்கும். சனம் இறங்கித் தேங்காய் உடைத்து, கும்பிட்டு, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு ஏறும். சரீப் தன் காலத்தில் ஒருநாளும் அங்கே நிற்பாட்டாமல் போனதில்லை. றோட்டுக்குப் பொறுப்பான ஆள் பிள்ளையார்தான் என்று உண்டியலில் தன் கையாலேயே காசு போடுவார். பாதை கீறின விசரனும் சின்னதாக ஒரு கோயிலை வைத்திருந்தான். கமலேஸ்வரி இடப்பக்கம் சிக்னல் போட்டு, ஓரமாக எடுத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு தேங்காய் உடையுங்கோ. வாசல்ல போய் உடையுங்கோ."

வாசலில் என்றுதான் அவள் சொன்னது. அதை ஞானசேகரம் இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் கேட்பார். குசினியில் இருந்து தேங்காயையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தவருக்கு, பிள்ளையார் திரைக்குள் இருக்க வாசலில் போய் எவருக்கு உடைப்பது என்று பட்டது. இடக்கையில் தேங்காயை வைத்து, சுத்தியலால் ஒரே போடு. முப்பத்தாறு வருடத்துக் கை. எத்தனையோ தேங்காயை ஒரு துளி சிந்தாமல் பிளந்த கை. அன்றைக்குச் சந்தோசத்தில் அது அளவுக்கு மேல் ஓங்கிவிட்டது. தேங்காய்த் தண்ணி எகிறியது, காற்றாடி அதை அள்ளி, மூடியில்லாத பெட்டிக்குள் வீசியது.

பல்லி சொல்வது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு தேங்காய் கருகின மணம். திரை இருண்டு, அதற்குள் சுத்தியலோடு நிற்கிற ஒரு கிழவனின் முகம் தெரிந்தது.

ஸல்ஹாவுக்குப் போன் எடுத்தார். கரன்டை நிறுத்துங்கள், ஒன்றையும் தொடவேண்டாம் என்றாள். பிறகு உள்ளுக்கு என்ன போனது, எந்தப் பக்கத்தால் போனது என்று கேட்டுவிட்டு, இனி அதைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம் மாமா என்றாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கமலேஸ்வரி அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை இரண்டும் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன. இருண்ட திரையைப் பார்த்தபடி, எல்லாரும் இறங்கிக் கோயிலடியில் நிற்குதுகள் என்றாள். பிறகு, நாளைக்குத் தன்னால் இப்படி எழும்பி இருக்க ஏலாது என்றாள், நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி.

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. சரீப் பின்னால் இருந்து எழும்பி, கதிரையைக் கட்டிலின் பக்கத்தில், கொண்டக்டர் நிற்கிற இடத்தில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, இடப்பக்கக் கண்ணாடியைப் பாருங்க. சனம் ஏறிட்டுது. கதவைச் சாத்திட்டு எடுங்க."

கமலேஸ்வரி கண்ணாடி இருந்த திக்கைப் பார்த்தாள். கையால் அழுத்தினாள். சரீப் சொல்லத் தொடங்கினார். வலப்பக்கம் ஒரு லொறி, போகவிடுங்க. கிளிநொச்சித் தண்ணித்தாங்கி தெரியுது, பள்ளிக்கூடம் விடுற நேரம், மெதுவா. பரந்தன் சந்தியில நேரே. ஒவ்வொரு வளைவையும் அவர் சொல்ல, அவள் அந்த அளவுக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

ஞானசேகரத்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். கார்டைக் கழற்றினார், சீலைத் துண்டால் ஒற்றினார், அடுப்புக் கரையில் வெக்கை படுகிற இடத்தில் வைத்தார், எடுத்து ஊதினார். திருத்தத் தெரியாத சாமான் ஒன்று அவர் கையில் வந்தது அதுதான் முதல் தரம் என்று சொல்ல முடியாது. கட்டிலில் ஒன்று கிடந்தது. ஆனையிறவில் காற்று அடிக்கும், இறுக்கிப் பிடிங்க என்று முன்னறையில் சரீப்பின் குரல் கேட்டது. ஞானசேகரம் பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணிச் சத்தத்துக்குள் நின்று அழுதார். அதற்குப் பிறகு கனதூரம் பஸ் எப்படி ஓடியது என்று அவருக்குத் தெரியாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது நாவற்குழிப் பாலம் முடிந்து பஸ் பட்டணத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கமலேஸ்வரியின் நெற்றி வியர்த்திருந்தது. சரீப்பின் சட்டையும் நனைந்திருந்தது. ஸ்டாண்டுக்குள் திருப்பச் சொன்னார், நிற்பாட்டச் சொன்னார். அவள் பூவைத் தொடுகிற மாதிரி பிரேக்கைத் தொட்டாள். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று கேட்டாள். இறங்குது தங்கச்சி என்றார் சரீப். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருந்த இருப்பிலேயே நித்திரையாகிப் போனாள்.

படலையடியில் ஞானசேகரம் சரீப்பின் கையைப் பிடித்தார். போய்ச் சேர்ந்தது தானே நானா என்று கேட்டார். ஓம் என்ற ஒரு சொல்லுக்காகத் தன் அத்தனை கிரேன் கதைகளையும் கொடுத்துவிட அவர் அப்போது ஆயத்தமாக இருந்தார்.

சரீப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படம் அணைஞ்ச பிறகு என்ன பஸ், ஞானம். தங்கச்சிக்கு ஆறுதலா இரிக்கட்டும் எண்டு வாயால ஓட்டினது. நான் ஒருநாளும் பொய் ரிப்போட் எழுதினதில்ல."

கமலேஸ்வரி பத்தாம் நாள் காலை போய்விட்டாள். அந்தப் பத்து நாளும் கொம்பியூட்டர் எங்கே என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. வேலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் மாதிரிக் கிடந்தாள். ஞானசேகரத்துக்குத்தான் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் முறிகண்டியில் கதவு திறந்தபடி ஒரு பஸ் நின்றது. கோயில் வெளியில் கச்சான் சுற்றின கடதாசிச் சரைகளோடு நாற்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். சாரதி ஆசனம் வெறுமையாக இருந்தது. அவர்களை அங்கே நிற்கவைத்தது அவருடைய சுத்தியல்.

லோஜினி டோகாவில் இருந்து வந்து கேட்டபோது, கொம்பியூட்டர் பழுதாய்ப்போச்சு என்று மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு, பஸ் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். செத்த வீட்டில் சொன்னார், எட்டாம் நாள் சடங்கில் சொன்னார், மரக்கறிக் கடையில் சொன்னார். சொல்லச் சொல்லப் பஸ் இன்னும் வேகமாகப் போனது. கேட்டவர்கள் சரீப்பிடம் போய்க் கேட்டார்கள். சரீப் அது பஸ் இல்லை என்றார்.

முப்பத்தோராம் நாளும் அதே கதைதான் நடக்கப் போகிறது என்று ஞானசேகரத்துக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டார்.

கமலேஸ்வரியின் தமையன் தவராசா வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, நிமிர்ந்து இருந்தார். நில அளவைத் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறினவர். எதையும் சங்கிலி போட்டு அளக்காமல் விடமாட்டார்.

"மச்சான், கொம்பியூட்டர் முறிகண்டியோட எரிஞ்சுபோச்சு எண்டு ஸல்ஹா சொன்னாள். அப்ப அந்த நாப்பத்தெட்டுப் பேரும் இன்னும் முறிகண்டியிலதானே நிக்குதுகள்."

சனம் மெல்லச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. துக்க வீட்டில் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. ஞானசேகரம் மெதுவாக நிலத்தைப் பார்த்தார்.

மூலையில் கோப்பை தட்டில் வைபடுகிற சத்தம் கேட்டது.

"நாப்பத்தெட்டு எண்டது பிழை" என்றார் சரீப். ஞானசேகரத்தின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. சரீப் தவராசாவைப் பார்த்துத்தான் சொன்னார், டிப்போவில் அறிக்கை கொடுக்கிற குரலில். "யாழ்ப்பாணத்தில இறங்கினது நாப்பத்தேழு பேர். ஒரு கிழவன் ஆனையிறவு தாண்டிப் பளையில பெல் அடிச்சு இறங்கிட்டான். ஞானம் அப்ப குசினிக்குள்ள, அவருக்குத் தெரியாது. தங்கச்சி ஓரமா எடுத்து நிப்பாட்டினவ. அந்த மனிசன் தடியை ஊண்டி, ரெண்டு காலும் நிலத்தில வைக்குமட்டும், பிரேக்கில இருந்து கையை எடுக்கேல்ல."